லண்டனில் வில்லும் அம்பும்

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் கடிதங்களில் நீச்சல், கால்பந்து, ஜூடோ என்று பலதும் இருக்கும். சில வேளைகளில் 'ஆர்ச்சரி' என்றும் ஒன்று இருக்கும். அதாவது வில்வித்தை. எம்மவர் வீடுகளில் அந்தக் கடிதம் பெரும்பாலும் மடித்து வைக்கப்பட்டுவிடும். ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று காசு. மற்றது, "ஆயுதத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் பிள்ளையின்ர கையில ஆயுதத்தைக் குடுக்கிறதோ?" என்பது.

காசுக்கு விடை உண்டு, பின்னால் சொல்கிறோம். மற்றக் கேள்வி அவ்வளவு இலேசானதல்ல. ஒரே தொழிற்சாலையில், ஒரே ஷிப்ற்றில் நிற்கும் எங்கள் மூன்று குடும்பங்களுக்கும் கடந்த ஆண்டு அந்தக் கேள்வி வந்தது. எங்களில் எவரும் க.பொ.த. சாதாரண தரத்துக்கு மேலே படித்தவர்களல்ல. ஆனால் எந்தப் பொருளையும் வாங்க முன் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எல்லோரிடமும் உண்டு. ஆகவே கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான்கு இடங்களுக்குப் போய்வந்தோம். வில் செய்யும் மரம் நிற்கும் இடம், அந்நாளில் வில்லாளிகள் பழகிய இடம், பழைய சாமான் காட்சிக்கு வைத்திருக்கும் இடம், இன்று வில் பழக்கும் இடம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

மரம்

வடக்கு லண்டனில் ரொற்றரிஜ் என்று ஓர் இடம். நோதேர்ன் லைனில் ரொற்றரிஜ் அன்ட் வெற்ஸ்ரோன் ஸ்ரேசனில் இறங்கி மேட்டுப் பாதையில் நடந்தால் சென். அன்றூஸ் தேவாலயம் வரும். அதன் சேமக்காலையில் ஒரு யூ மரம் நிற்கிறது. லண்டனிலேயே முதிய மரம் அதுதான் என்கிறார்கள். வயது ஆயிரமும் இருக்கலாம், இரண்டாயிரமும் இருக்கலாம் என்பது மதிப்பு. நாலைந்து பேர் கைகோத்து நின்றால்தான் சுற்றிப் பிடிக்கலாம். எங்கள் ஊர்க் கோயில் வீதியில் நிற்கும் மருதமரத்தைப் பார்த்து நிற்பதுபோல நின்றோம்.

ஆங்கிலேயரின் பழைய நெடுவில் இந்த யூ மரத்தில்தான் செய்யப்பட்டது. ஆளுயரத்துக்கு மேலே நீளம். காரணம் மரத்தின் உள்ளமைப்பு. நடுவே இருக்கும் வைரம் செம்மண்ணிறம், அதைச் சுற்றி வெளியே இருக்கும் மென்மரம் வெள்ளை. வில்லை வளைக்கும்போது உள்பக்கம் நெரிபடும், வெளிப்பக்கம் இழுபடும். நெரிவைத் தாங்க வைரம், இழுவையைத் தாங்க மென்மரம் என்று ஒரே தடியில் இரண்டும் இயற்கையாகவே ஒட்டியிருக்கின்றன. அதனால் வில்செய்வோர் இரண்டும் சேர்ந்து வரும்படி மரத்தைப் பிளந்து, வெள்ளைப் பக்கம் வெளியே நிற்கும்படி சீவினார்கள்.

ஆனால் இங்கிலாந்தின் யூ மரம் கோணலும் கணுவும் நிறைந்தது. குளிர் மலைகளில் மெதுவாக வளர்ந்த மரத்தில்தான் ரேகை நெருக்கமாகவும் நேராகவும் இருக்கும். ஆகவே ஸ்பெயினிலிருந்தும் இத்தாலிப் பக்கமிருந்தும் தடிகள் வந்தன. 1472இல் ஒரு சட்டமே போட்டார்கள். குறிப்பிட்ட நாடுகளிலிருந்து இங்கே சரக்கு இறக்கும் கப்பல்கள் தொன் ஒன்றுக்கு நான்கு வில்தடி வீதம் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம்.

ஒரு எச்சரிக்கை. யூ மரத்தின் இலையும் விதையும் கடும் நஞ்சு. சிவப்பாய் அழகாய்த் தொங்கும் காயைச் சின்னப்பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள். தேவாலய வளவுகளிலும் பூங்காக்களிலும் இந்த மரம் நிறைய நிற்பதால் பெற்றோர் இதை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யூ வில் இன்றும் செய்கிறார்கள், ஆனால் விலை கூட. புதிதாகப் பழகுபவர் வாங்குவது பல மரப் பட்டைகளை ஒட்டிச் செய்த வில். வெளிப்பக்கத்துக்கு ஹிக்கரி மரம் அல்லது மூங்கில், உள்ளுக்கு வேறு உறுதியான மரம். மூங்கில் என்றதும் எங்களுக்கு வல்வெட்டித்துறைப் பட்டங்கள் நினைவுக்கு வந்தன. தைப்பொங்கல் காலத்தில் பட்டத்தின் தலையில் விண் கட்டிப் பறக்கவிடுவோம் அல்லவா? அந்த விண்ணும் ஒரு வில்தான். மூங்கிலையோ கமுகஞ் சலாகையையோ சீவி, இரண்டு பக்கமும் ஒரே அளவாய் வளைகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒரு பக்கம் தடிப்பென்றால் அதைமட்டும் மெல்லச் சீவி, பிறகுதான் நார் கட்டுவோம். ஒரு பக்கம் கூட வளைந்தால் விண் கூவாது. வில் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயமும் இதுதான். நாண் ஏற்றிய வில்லைத் தூரப் பிடித்துப் பாருங்கள். மேற்கையும் கீழ்க்கையும் ஒத்து வளைய வேண்டும். பின் நுனியிலிருந்து நீளப்போக்கில் பாருங்கள். நாண் வில்லின் நடுவால் ஓட வேண்டும். ஒரு பக்கம் விலகி ஓடினால் வில் திருகியிருக்கிறது. விண் கட்டிய எவருக்கும் இந்தச் சோதனை புதிதல்ல.

மைதானம்

மரத்தைப் பார்த்த பிள்ளைகள், இந்த வில்லைக் கொண்டு எங்கே பழகினார்கள் என்று கேட்டார்கள். அதற்கு நகர நடுவுக்குப் போக வேண்டியிருந்தது. மூர்கேற் ஸ்ரேசனில் இறங்கி வடக்கே சிற்றி றோட்டால் நடந்தால், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பெரிய புல்வெளி ஒன்று மறைந்து கிடக்கிறது. ஹொனறபிள் ஆர்ட்டிலறி கொம்பனி என்ற படைப்பிரிவின் மைதானம் அது. பொதுமக்கள் நினைத்தபடி உள்ளே போக முடியாது. எட்டாம் ஹென்றி மன்னர் 1537இல் நெடுவில், குறுக்குவில், கைத்துப்பாக்கி பழகுவோருக்குக் கொடுத்த பட்டயத்தில் தொடங்கிய அமைப்பு இது. 1641 முதல் இந்த இடத்தில் இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் முன்பு பின்ஸ்பரி வெளி, மூர் வெளி என்று திறந்த நிலமாய்க் கிடந்தது. 1498இல் மூர்கேற்றுக்கு அப்பால் இருந்த தோட்டங்களை அழித்து வில்லாளிகளுக்கு வெளி அமைத்தார்கள் என்று லண்டன் வரலாறு எழுதிய ஜோன் ஸ்ரோ குறித்திருக்கிறார்.

அன்று வில் பழகுவது விருப்பமல்ல, கட்டாயம். 1363இல் மூன்றாம் எட்வேர்ட் மன்னர், ஓய்வு நாட்களில் ஆண்கள் வேறு விளையாட்டை விட்டு வில் பழக வேண்டும் என்று கட்டளையிட்டார். 1541ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது. 7 வயதிலிருந்து 17 வயது வரையான ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் தகப்பன் ஒரு வில்லும் இரண்டு அம்பும் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்றது அது. இதை எங்களில் ஒருவர் வாசித்துச் சொன்னபோது பெரியவர்கள் எவரும் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்ட காலத்தை நாங்கள் கண்டவர்கள். இந்த நாட்டுத் தாய்மாரும் ஒரு காலம் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

பிறகு துப்பாக்கி வந்தது. 16ம் நூற்றாண்டு முடியும்போது வில் போர்க்களத்தை விட்டுப் போய்விட்டது. போன பின்னர்தான் அது விளையாட்டாயிற்று. 1781இல் சேர் அஷ்ரன் லீவர் என்பவர் ஒரு வில்லாளர் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் றோயல் ரொக்சோபிலைற் சொசைற்றி என்று பெயர்பெற்ற அந்தச் சங்கம் 1922 வரை றீஜன்ற் பார்க்கில் மைதானம் வைத்திருந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் வில் போட்டி நடந்தது. அதில் தங்கப் பதக்கம் பெற்ற குவீனி நியூவெலுக்கு வயது 53. "எனக்கு இன்னும் காலம் இருக்கு" என்று எங்களோடு வந்த அக்கா சிரித்தார். 2012 ஒலிம்பிக்கில் வில் போட்டி எம்மவர் எல்லோரும் பெயர் அறிந்த லோட்ஸ் கிரிக்கெட் மைதானத்திலேயே நடந்தது.

வில்செய்வோரும் அம்புசெய்வோரும் லண்டனில் 1371இல் தனித்தனித் தொழிற்சங்கமாகப் பிரிந்தார்கள். ஒருவர் இரண்டு வேலையும் செய்தால் எதுவும் சரிவராது என்பது அவர்களின் எண்ணம். அந்த இரண்டு சங்கங்களும் இன்றும் இருக்கின்றன. உங்கள் வேலைத்தலத்தில் போயர், பிளெச்சர், ஸ்ரிங்கர் என்று பெயருடைய வெள்ளைக்காரர் இருந்தால் அவர்களின் முன்னோர் வில், அம்பு, நாண் செய்தவர்களாக இருந்திருக்கலாம்.

நூதனசாலை

அடுத்த ஞாயிறு மழை. மழை நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நூதனசாலையை விட நல்ல இடமில்லை, அனுமதியும் இலவசம். சவுத் கென்சிங்ரனில் இருக்கும் விக்ரோறியா அன்ட் அல்பேட் நூதனசாலையின் சேகரிப்பில் மொகலாய மன்னர் ஷாஜகானின் பெருவிரல் மோதிரம் ஒன்று இருக்கிறது. பச்சைக்கல்லில் 17ம் நூற்றாண்டில் செய்தது. அழகுக்கான மோதிரம்தானே என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஒரு வில்லுச் சாமான். ஆங்கிலேயர் நாணை மூன்று விரலால் இழுப்பார்கள். துருக்கி, பாரசீகம், வட இந்தியப் பக்கத்தவர் பெருவிரலால் இழுப்பார்கள். நாண் விரலை அறுக்காமலிருக்க இந்த மோதிரம். இன்று கழகங்களில் அதே வேலையைச் செய்வது ஒரு சின்னத் தோல் துண்டு.

அவர்களின் வில்லும் வேறு. கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் பசையால் ஒட்டிச் செய்தது. குட்டையானது, குதிரையில் இருந்து எய்ய வசதியானது, ஆனால் ஈரத்தில் பசை விட்டுவிடும். மழை நாடாகிய இங்கிலாந்தில் ஒற்றை மரத்து நெடுவில் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் நாட்டு வேடர்களும் ஒற்றை மரத்து நீண்ட வில்தான் வைத்திருந்தார்கள். செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட 'வெத்தாக்கள்' என்ற ஆங்கில நூலில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள், கிழக்குக் கரையோரம் தமிழ் பேசி வாழும் வேடரைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. வள்ளியின் உறவினர் வில்லைப் பற்றி லண்டனில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வில் வாங்கும்போது எந்த நாட்டு வில் சிறந்தது என்று கேட்கக்கூடாது. வைக்கப்போகும் வீட்டுக்கும் பிடிக்கப்போகும் ஆளுக்கும் எது பொருந்தும் என்றுதான் கேட்க வேண்டும்.

பழகும் இடம்

கடைசியாக எங்கள் பகுதியில் உள்ள ஒரு கழகத்துக்குப் போனோம். பள்ளிக்கூட மைதானம் ஒன்றை வார இறுதியில் வாடகைக்கு எடுத்துப் பழகுகிறார்கள். பழக்குபவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவர் எங்கள் கையில் முதலில் வில்லைத் தரவில்லை. நிலத்தில் போட்டிருந்த கோட்டைக் காட்டினார். எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். விசில் ஊதினால் எய்யலாம், ஊதினால்தான் அம்பு பொறுக்கப் போகலாம். அம்பை நாணில் வைத்தபடி இலக்கைத் தவிர வேறு பக்கம் திரும்பக்கூடாது. பிறகு ஒரு சொல் சொன்னார்: 'பாஸ்ற்'. நிறுத்து என்று அர்த்தம். வெளிக்குள் ஒரு நாய் ஓடிவந்தாலும், ஓர் ஆள் தடுக்கி விழுந்தாலும், கண்டவர் எவரும் அந்தச் சொல்லைக் கூப்பிடலாம். கேட்டவுடன் எல்லோரும் நாணைத் தளர்த்தி அம்பை எடுத்துவிட வேண்டும்.

"சின்னப்பிள்ளை சொன்னாலுமோ?" என்று அக்கா கேட்டார். எங்களில் ஒருவர் மொழிபெயர்த்தார். "சின்னப்பிள்ளை சொன்னால் இன்னும் கெதியாய் நிப்பாட்டுவோம்" என்றார் அவர்.

அரை மணித்தியாலத்துக்குள் அது நடந்தும்விட்டது. ஒரு பந்து வேலிக்கு மேலால் வந்து விழ, அதன் பின்னால் ஒரு பையன் வேலியில் ஏறினான். எங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை கத்தியது. கோட்டில் நின்ற பதினொரு பேரும், நரைத்த தலைகள் உட்பட, வில்லைத் தாழ்த்தினார்கள். பிள்ளை பயந்துபோய் எங்களைப் பார்த்தது, தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து. பழக்குபவர் வந்து அதன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களிடம் முதலில் இருந்த கேள்விக்கு இதைவிட வேறு பதில் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு பிள்ளை நிறுத்து என்றால் நிற்கும் இடமாக இருந்தால் அங்கே எங்கள் பிள்ளைகளை விடலாம்.

வில் தெரிவு செய்தல்

காசு விஷயம் இதுதான்: முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். கழகங்கள் புதியவர்களுக்குச் சில வாரப் பயிற்சி வகுப்பு வைக்கும். வில், அம்பு, தோல் காப்பு எல்லாம் கழகமே தரும். வளரும் பிள்ளைக்கு வாங்கும் வில் சப்பாத்தைப்போல, ஒரு வருடத்தில் பற்றாமல் போய்விடும். பயிற்சி முடிந்து, விருப்பம் நிலைத்தபின் வாங்கினால் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

முதலில் கண். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையில் சிறு துவாரம் விட்டு, தூரத்து மணிக்கூட்டை அதனூடாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது மணிக்கூடு தெரிகிறதோ அதுதான் உங்கள் வலுவான கண். வலது கண்ணென்றால் வில்லை இடக்கையில் பிடித்து வலக்கையால் இழுப்பது நல்லது. எழுதும் கை எதுவாயிருந்தாலும் கண்ணையே முதலில் கேட்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது இழுநீளம். இரு கையையும் அகல விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அங்குலத்தில் அளந்து, இரண்டரையால் பிரியுங்கள். 70 அங்குலமானால் 28. இது உத்தேசக் கணக்கு, கழகத்தில் சரியாக அளப்பார்கள்.

மூன்றாவது இழுபாரம். வில்லில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். 30, பின் 28 என்றிருந்தால் 28 அங்குலம் இழுக்கும்போது 30 இறாத்தல் பாரம் கையில் வரும் என்று கருத்து. கடைக்காரர் 'பவுண்' என்பது காசல்ல, இறாத்தல். எம்மவர், குறிப்பாக ஆண்கள், பாரமான வில்லைத் தேடுவார்கள். வேண்டாம். பிள்ளைகளுக்கு 15, 20 இறாத்தலும் பெரியவர்களுக்கு 30 அல்லது அதற்குக் கீழும் தொடங்கப் போதும். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி றோஸ் என்ற போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட நெடுவில்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. போட்ஸ்மத்தில் அவற்றைப் பார்க்கலாம். அந்த வில்கள் 100 இறாத்தலுக்கும் மேலே. அதே கப்பலில் கிடைத்த சில எலும்புக்கூடுகளின் தோள் எலும்பு பொருந்தாமலே இருந்தது. சிறுவயதிலிருந்து பாரமான வில் இழுத்ததால் அப்படி வந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். நாள் முழுக்கப் பெட்டி தூக்கித் தோள் நோகும் எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நான்காவது, பழைய வில்லானால் விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் குறுக்கே மயிரிழை வெடிப்பு, உள்பக்கத்தில் நெரிந்த கோடு, நுனிக் கொம்பில் உடைவு, ஒட்டுப் பிரிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள்.

அம்பும் நாணும்

எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்பது எங்கள் பழமொழி. கழகத்தில் அதற்கு ஒரு விலக்கு உண்டென்று அறிந்தோம். மர அம்பு விடுபடும்போது வில்லைச் சுற்றி மெல்ல நெளிந்து போகும். வில்லின் பாரத்துக்கு அம்பின் விறைப்பு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு கவனமாக எய்தாலும் ஒரு பக்கம் விலகும். ஆகவே அம்பை வில்லின் இறாத்தலைச் சொல்லி வாங்க வேண்டும். ஒரே தொகுதியில் ஆறோ எட்டோ எடுப்பது நல்லது. நீளம் உங்கள் இழுநீளத்தை விட ஓரிரு அங்குலம் கூட இருக்கட்டும். குறைந்தால் முனை வில்லுக்கு உள்ளே வந்து கையைக் காயப்படுத்தும்.

எய்யப் போகுமுன் ஒவ்வொரு மர அம்பையும் முகத்துக்கு எட்டப் பிடித்து, இரு நுனியிலும் மெல்ல வளைத்து, சுற்றிச் சுற்றிப் பாருங்கள். 'கிறிக்' என்ற சத்தம் கேட்டால் அந்த அம்பை அங்கேயே முறித்து எறியுங்கள். மேசையில் உருட்டினால் கோணல் தெரியும். இலக்கிலிருந்து பிடுங்கும்போது இலக்குக்குக் கிட்டப் பிடித்து நேராக இழுங்கள்.

இறகு மூன்று இருக்கும். ஒன்று மட்டும் வேறு நிறம், அது வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மழையிலும் பையிலும் இறகு நசிந்துபோனால் கவலை வேண்டாம். கேத்திலைக் கொதிக்க வைத்து வரும் ஆவியில் சிறிது நேரம் காட்டினால் நிமிர்ந்துவிடும். கை சுடாமல் பெரியவர்கள் செய்யுங்கள். இறகைப் பூச்சி அரிக்கும். சேலைப் பெட்டிக்குள் போடும் பூச்சி உருண்டை ஒன்றை அம்புப் பெட்டிக்குள்ளும் போடலாம்.

நாண் இப்போது செயற்கை நூலில் வருகிறது. அதைத் தேன்மெழுகால் தடவி, விரலால் சூடேறும்வரை தேய்க்க வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். நாண் அறுந்தால் பெரும்பாலும் வில்லும் போய்விடும். நாண் ஏற்றியபின் பிடிக்கும் நாணுக்கும் இடையே ஒரு கைமுட்டியும் நிமிர்த்திய பெருவிரலும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். இந்தக் கைக்கணக்கு மிகப் பழையது.

வீட்டில் பேணுதல்

றொஜர் அஸ்காம் என்ற ஆசிரியர் 1545இல் 'ரொக்சோபிலஸ்' என்ற நூலை எழுதினார். ஆங்கிலத்தில் வில்வித்தை பற்றி வந்த முதல் நூல் அது. கைக்காப்பு, கையுறை, நாண், வில், அம்பு என்று ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறார். எட்டாம் ஹென்றி மன்னர் மகிழ்ந்து ஆண்டுக்கு 10 பவுண் கொடுத்தார். சாமானைப் பேணுவது வித்தையின் பாதி என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

முதல் விதி, அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் முழுவதும் வில்லுக்கே திரும்பி வந்து வில் வெடிக்கும். சுவரில் தொங்கும் வில்லைக் கண்டால் விருந்தாளிகள் முதலில் செய்வது இதைத்தான். ஆகவே கண்படும் இடத்தில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, எய்து முடிந்ததும் நாணை இறக்குங்கள். இரவு முழுக்க நாண் ஏற்றியே வைத்தால் மரம் அந்த வளைவையே தன் உருவமாக எடுத்துவிடும், பிறகு பாய்ச்சல் இருக்காது. முழு இழுப்பில் நெடுநேரம் பிடித்து நிற்பதும் அப்படித்தான். பழக்குபவர் இதைச் சொன்னபோது, இரண்டு வேலை செய்யும் எங்கள் நண்பரைப் பார்த்து அவர் மனைவி, "கேட்டுக்கொள்ளுங்கோப்பா, மரத்துக்கே லீவு வேணுமாம்" என்றார்.

மூன்றாவது, வைக்கும் இடம். லண்டன் பிளற்றுகளில் ஒரு பக்கம் ஹீற்றர் சூடு, மறுபக்கம் சுவரில் பூஞ்சணம். இரண்டும் மரத்துக்குக் கூடாது. ஹீற்றருக்கு மேலோ, குளியலறைக்குப் பக்கத்திலோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்காதீர்கள். மூலையில் சாய்த்து வைத்தால் வளையும். உள்சுவரில் இரண்டு ஆணி அடித்துப் படுக்கையாக வைக்கலாம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் அலுமாரிக்கு மேலே வைக்கலாம். துணி உறை தையுங்கள். பழைய போர்வை போதும். பிளாஸ்ரிக் உறைக்குள் வியர்வை கட்டும்.

நான்காவது, மழையில் நனைந்தால் துடைத்து, அறைச் சூட்டில் தானாகக் காயவிட்டு, மெழுகு பூசுங்கள். குளிர்காலத்தில் எடுத்தவுடன் முழுக்க இழுக்காமல், முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று மரத்தைப் பழக்கி இழுங்கள்.

சட்டம்

எம்மவர் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். இந்த நாட்டில் வில் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தகுந்த காரணமின்றி வீதியில் கொண்டு திரிந்தால் பொலிஸ் பிடிக்கலாம். கழகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் மட்டும், நாண் இறக்கி, உறைக்குள் வைத்து, கழக அட்டையுடன் கொண்டு போங்கள். வழியில் கடை, கோயில், உறவினர் வீடு என்று இறங்கவேண்டாம். அகதி வழக்கு முடியாதவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருப்பது நல்லது. பூங்காவிலும் பின் வளவிலும் எய்யாதீர்கள். வில்லால் முயலோ புறாவோ வேட்டையாடுவது குற்றம். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. கண்ணப்பர் இங்கே வந்திருந்தால் அவருக்கும் அதுதான். குறுக்குவில் வேறு சாமான், அதை 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதே குற்றம். பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

எங்கள் மூன்று குடும்பங்களில் இப்போது நான்கு பிள்ளைகளும் அக்காவும் பழகுகிறார்கள். இன்னும் ஒரு வில்தான் சொந்தமாக வாங்கியிருக்கிறோம், அது அக்காவுடையது, 24 இறாத்தல். கழகங்கள் புதியவர்களுக்கான வகுப்பைப் பெரும்பாலும் இளவேனிற் காலத்தில் தொடங்கும், இடம் கெதியாக நிரம்பிவிடும். உங்கள் பகுதி நூலகத்தில் கேட்டால் கிட்டிய கழகத்தின் விபரம் எடுத்துத் தருவார்கள். ஆங்கிலம் போதாதென்று தயங்க வேண்டாம். முதல் நாளுக்கு 'பாஸ்ற்' என்ற ஒரு சொல் தெரிந்தால் காணும். போகும்போது மழைச்சட்டையும், தலைமயிர் நீளமான பிள்ளைகளுக்கு அதைக் கட்ட ஒரு றிபனும் கொண்டு போங்கள். நாணில் மயிர் சிக்கினால் நோகும்.